வானகரத்து ஏகமனது

சென்னைக்கு மேற்கே வானகரத்தில் ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸ் என்றொரு பெரிய கல்யாண மண்டபம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உட்கட்சி ஜனநாயகம் எப்படி நடக்கிறது என்று ஆராய நினைக்கும் மாணவர்கள் நூலகம் நூலகமாக அலைய வேண்டாம். இந்த மண்டபத்தின் முன்பதிவு நோட்டைப் புரட்டினால் போதும், முனைவர் பட்டமே வாங்கிவிடலாம்.

2016 டிசம்பர் 29. ஜெயலலிதா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதிமுக பொதுக்குழு இங்கே கூடியது. வி.கே. சசிகலாதான் இனி பொதுச்செயலாளர் என்று தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது. தலைமை ஏற்க வேண்டியவர் கூட்டத்துக்கு வரவில்லை. அதனாலென்ன, முதலமைச்சர் உள்ளிட்ட பெரியவர்களே தீர்மான நகலை ஏந்திக்கொண்டு போயஸ் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ப்பித்தார்கள்.

2017 செப்டம்பர் 12. அதே மண்டபம். அந்த நியமனம் செல்லாது. பொதுச்செயலாளர் பதவி இனி யாருக்கும் கிடையாது, மறைந்த ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர். கட்சியை ஓ. பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பார், எடப்பாடி பழனிசாமி இணைந்து ஒருங்கிணைப்பார். ஏகமனதாக நிறைவேறியது.

2022 ஜூலை 11. அதே மண்டபம். ஒருங்கிணைப்பும் வேண்டாம், இணை ஒருங்கிணைப்பும் வேண்டாம். இறந்தவருக்கு நிரந்தரமாகக் கொடுத்த பதவியைத் திரும்ப எடுத்து, பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கினார்கள். பன்னீர்செல்வத்தைக் கட்சியை விட்டே நீக்கினார்கள். எப்படி என்று கேட்கிறீர்களா? ஏகமனதாகத்தான்.

ஒரு மனிதன் மனம் மாறுவது இயற்கை. ஆனால் 2,600-க்கும் மேற்பட்ட பொதுக்குழு உறுப்பினர்கள், ஆறு வருஷத்துக்குள் மூன்று தடவை, மூன்று வேறு வேறு திசைகளில், ஒரே நொடியில், ஒருவர்கூடப் பிசகாமல் மனம் மாறியிருக்கிறார்கள். உலகத்தில் எந்த மனநல மருத்துவரும் பார்த்திராத அதிசயம் இது. 'நான் போன தடவை வேறு மாதிரி கை தூக்கினேனே, ஏன் மாற்ற வேண்டும்?' என்று ஒரு ஒன்றியச் செயலாளர், ஒரே ஒருவர், எழுந்து கேட்டிருந்தால் அவருக்குச் சிலை வைத்திருக்கலாம். அப்படி யாரும் எழுந்ததாகப் பதிவில்லை.

எழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே மண்டபமே காட்டிக் கொடுத்தது. 2022 ஜூன் 23 அன்று, மேலே சொன்ன ஜூலைக் கூட்டத்துக்குப் பதினெட்டு நாள் முன்னால், பொதுக்குழு கூடியது. முந்தின இரவு உயர் நீதிமன்ற நீதிபதிகள் தூக்கம் கெட்டு உட்கார்ந்து, பட்டியலில் உள்ள 23 தீர்மானங்களைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது என்று விடியும் நேரத்தில் உத்தரவு போட்டிருந்தார்கள். அதற்கென்ன, 23 தீர்மானங்களையும் பொதுக்குழு நிராகரிக்கிறது என்று மைக்கில் ஒரு முழக்கம். முடிந்தது கதை. தங்கள் கட்சியே தயாரித்து அச்சடித்த தீர்மானங்களைத் தங்கள் கட்சியே கைதட்டிக் கொன்றது. மாற்றுக் கருத்தோடு மேடையை விட்டு இறங்கிய பன்னீர்செல்வம் மீது தண்ணீர் பாட்டில் வந்து விழுந்தது. மூன்று தடவை முதலமைச்சராக இருந்தவர், அப்போதும் கட்சியின் ஒருங்கிணைப்பாளர், மேடையில் வீற்றிருந்த பொருளாளர். அவருக்கே பாட்டில் என்றால் ஒரு கிளைச் செயலாளருக்கு என்ன விழும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதிமுகவை மட்டும் சொல்கிறேன் என்று மற்ற கட்சிக்காரர்கள் மீசையை முறுக்க வேண்டாம். வருகிறேன்.

முதலில் அந்த நீக்க அறிக்கையை ஒரு தடவை நிதானமாக வாசித்துவிடலாம். ஜெயலலிதா காலத்தில் நாளிதழ் வாசித்த எல்லாருக்கும் அது மனப்பாடம். கழகத்தின் கொள்கைக்கும் குறிக்கோளுக்கும் முரணாக, கண்ணியத்துக்கு மாசு ஏற்படும் வகையில், கட்டுப்பாட்டை மீறி, கழகத்துக்குக் களங்கமும் அவப்பெயரும் உண்டாக்கியதால், இன்ன மாவட்டத்தைச் சேர்ந்த இன்னார், அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் இன்று முதல் நீக்கப்படுகிறார். இதில் எந்தக் கொள்கை? என்ன முரண்? எந்தத் தேதியில், எந்த ஊரில், யாரிடம், என்ன சொல்லிவிட்டார்? ஒன்றும் இருக்காது. சைக்கிள் திருடியவன் மீது போலீஸ் போடும் வழக்கில்கூட சைக்கிளின் நிறம் இருக்கும். இதில் மாறுவது பேரும் மாவட்டமும்தான். பல பேர், தாங்கள் அவப்பெயர் உண்டாக்கிய சேதியைக் கட்சித் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சிலர் அப்போது கட்சி வேலையாகவே வெளியூரில் இருந்திருப்பார்கள், பாவம்.

கடைசி வரிதான் மகுடம். கழகத்தினர் யாரும் இவரோடு எந்தவிதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏதோ ஒரு குக்கிராமத்தில் பஞ்சாயத்துக் கூடி, ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுக்காதே, மளிகை கொடுக்காதே, பேசாதே என்று ஊர்விலக்கம் செய்தால் நாம் கொதிக்கிறோம். கலெக்டர் ஓடுகிறார், பத்திரிகை தலையங்கம் எழுதுகிறது. அதே ஊர்விலக்கத்தை ஆளும் கட்சி லெட்டர்பேடில் அடித்துப் பொதுச்செயலாளர் கையெழுத்தோடு கொடுத்தபோது மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாகப் போட்டுவிட்டு நாமும் காபியைக் குடித்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் பெரிய கட்சிகள் எல்லாமே மாறுபட்டவர்கள் பெற்ற பிள்ளைகள். 1949-ல் பெரியாரின் திருமணத்தையும் அதன் பின்னால் இருந்த வாரிசு ஏற்பாட்டையும் ஏற்க முடியாமல் வெளியே வந்தார் அண்ணா. செப்டம்பர் 17 அன்று திமுக பிறந்தது. யாரை எதிர்த்து வந்தாரோ அவருக்கென்றே தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, தான் பொதுச்செயலாளராக இருந்துகொண்டார். அந்த நாகரிகத்தை இன்றைக்கு மேடையில் சொல்லிப் புளகாங்கிதம் அடைகிறார்களே, அந்தக் காலி நாற்காலி என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டதுண்டா? 1969-ல் கருணாநிதி உட்கார, அது நிரம்பியது. 2018-ல் இயற்கை வந்து அழைத்துப் போகும்வரை, 49 வருஷம், நிரம்பியபடியே இருந்தது. கிளைக் கழகம், பேரூர்க் கழகம் என்று கீழ்மட்டத்தில் தேர்தல் நடத்துகிற கட்சிதான் திமுக. அதை மறுக்கவில்லை. மேலே போகப் போக காற்று மெலிந்து, உச்சியில் போட்டி என்ற ஜீவராசி மூச்சுவிட முடியாமல் செத்துப்போகிறது. 2018-லும் 2022-லும் மு.க. ஸ்டாலின் போட்டியின்றித் தேர்வு. பெரியாரை எதிர்த்துப் பிறந்த இயக்கத்தில், தலைவரை எதிர்த்து வேட்புமனு வாங்க ஓர் ஆள் இல்லை.

1972-ல் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். அமைச்சர்களும் கட்சிப் பொறுப்பாளர்களும் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். அவர் அப்போது திமுகவின் பொருளாளர். பொருளாளர் கணக்குக் கேட்பது கட்சிக் கட்டுப்பாட்டை மீறிய குற்றம் என்று கண்டுபிடித்த முதல் கட்சி உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். அக்டோபர் 10 அன்று தற்காலிக நீக்கம், 17 அன்று அவருக்குத் தனிக்கட்சி. ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. சரி, கணக்குக் கேட்டு வந்தவர் தன் கட்சியிலாவது கேட்க விட்டாரா? கட்சிக்காரர்கள் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கொள்கை மனசில் இருந்தால் போதாதாம், தோலிலும் இருக்க வேண்டுமாம். தன் ஆட்சியிலேயே ஊழல் இருக்கிறது என்று பேசிய அமைச்சர் எஸ்.டி. சோமசுந்தரம் 1984-ல் வெளியே போனார். போய் என்ன செய்தார்? நமது கழகம் என்று ஒரு கட்சி ஆரம்பித்தார். சில வருஷத்தில் தாய்க்கழகத்துக்கே திரும்பினார். பச்சை குத்தியது அழியாதல்லவா.

இந்தக் கதைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது மதிமுகவின் கதை. சிரிக்க முடியாது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

1993-ல் வைகோவை திமுக நீக்கியது. விடுதலைப் புலிகள் கருணாநிதியைக் கொன்று வைகோவுக்கு வழி செய்யப் பார்க்கிறார்கள் என்று ஓர் உளவுத் தகவல். அதை நம்பினார்களோ, நம்ப விரும்பினார்களோ, ஒரு வளர்ந்த தலைவனைக் கொலைச் சதிக்குத் துணைபோனவன் போல நிறுத்தினார்கள். வாரிசுக்கு இடம் ஒதுக்கத்தான் இந்த நாடகம் என்று ஊரே பேசியது. அந்த அநீதியைத் தாங்காமல் ஐந்து தொண்டர்கள் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார்கள். ஐந்து பேர். உட்கட்சியில் ஒரு நேர்மையான விசாரணைக் குழு, ஒரு வாக்கெடுப்பு, ஒரு மேல்முறையீடு இருந்திருந்தால் உயிரோடு இருந்திருக்க வேண்டியவர்கள். அந்தச் சாம்பல் மீதுதான் 1994 மே 6 அன்று மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகம் எழுந்தது. வாரிசு அரசியலுக்கு எதிரான கட்சி.

இப்போது கொஞ்சம் வேகமாக வருவோம். 2019-ல் திமுக ஆதரவில் வைகோ மாநிலங்களவைக்குப் போகிறார். 2021-ல் அவர் மகன் துரை வைகோ மதிமுகவின் தலைமைக் கழகச் செயலாளர் ஆகிறார். பிறகு முதன்மைச் செயலாளர். பிறகு திருச்சி எம்.பி. கட்சி ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே இருந்த துணைப் பொதுச்செயலாளர் மல்லை சத்யாவுக்கும் மகனுக்கும் உரசல் வருகிறது. 2025 ஜூலையில் வைகோ என்ன சொல்கிறார்? பிரபாகரனுக்கு மாத்தையா செய்த துரோகத்தோடு சத்யாவை ஒப்பிடுகிறார். மாத்தையா யார்? துரோகி என்று முத்திரை குத்திப் புலிகள் தண்டித்துக் கொன்றவர். செப்டம்பரில் சத்யா நீக்கம்.

புலிகளின் பேரைச் சொல்லித் துரோகி ஆக்கப்பட்டவர், முப்பத்திரண்டு வருஷம் கழித்து, புலிகளின் பேரைச் சொல்லியே இன்னொருவரைத் துரோகி ஆக்குகிறார். தனக்கு நடந்ததை மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நன்றாக ஞாபகம் வைத்திருந்து, ஒரு புள்ளி பிசகாமல் செய்திருக்கிறார். தீக்குளித்த அந்த ஐந்து பேரின் வீடுகளில் இந்தச் சேதியை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, யாரையும் எதிர்த்துப் பேச வேண்டாம், கட்சியின் சட்டவிதியை மட்டும் ஒப்பித்தால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. 2013 பிப்ரவரியில் அப்போது திமுகவில் இருந்த நடிகை குஷ்பு ஒரு வார இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அடுத்த தலைவர் ஸ்டாலின்தான் என்று முடிவாகிவிடவில்லை, பொதுக்குழு கூடித்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிற பொருளில் ஏதோ சொன்னார். திமுக சட்டவிதிப் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. திருச்சியில் அவர் மீது செருப்பு வீசினார்கள். சென்னையில் அவர் வீட்டில் கல் விழுந்தது. அதற்கு முன்னால், 2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரை தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அவர்கள் கட்சிக்காரர்கள்கூட இல்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். ஒரு கட்சியின் அடுத்த தலைவர் யார் என்கிற கேள்விக்கு வாக்குப்பெட்டி வைக்காத ஊரில், அந்தக் கேள்விக்குப் பெட்ரோல் பதில் சொல்கிறது.

கட்சிக்குள் தாராளமாக, முகத்துக்கு நேரே, மைக்கைப் பிடித்து மாற்றுக் கருத்துச் சொல்லும் உரிமை தமிழ்நாட்டில் ஒரே ஒரு பிரிவினருக்கு உண்டு. தலைவரின் பிள்ளைகளுக்கு. 2024 டிசம்பர் 28 அன்று புதுச்சேரியை அடுத்த பட்டானூரில் நடந்த பாமக பொதுக்குழுவைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கியிருக்கும். மருத்துவர் ராமதாஸ் தன் மகள்வழிப் பேரன் முகுந்தனை இளைஞரணித் தலைவராக அறிவித்தார். மகன் அன்புமணி அதே மேடையில் எதிர்த்தார். இது நான் ஆரம்பித்த கட்சி, நான் சொல்வதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது என்றார் அப்பா. மகன் மைக்கை வீசிவிட்டு, பனையூரில் தனி அலுவலகம் திறந்திருக்கிறேன், அங்கே வாருங்கள் என்றார். தானும் தன் குடும்பத்தாரும் பதவிக்கு வந்தால் சவுக்கால் அடிக்கலாம் என்று கட்சியின் ஆரம்ப காலத்தில் சொன்னவரின் மேடையில், தாத்தாவும் மகனும் பேரனும் பதவிக்காக மல்லுக்கட்ட, முப்பது வருஷமாகக் கொடி பிடித்தவர்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பரில் அப்பா மகனை நீக்கினார். திமுகவில் மு.க. அழகிரியை 2014-லேயே நீக்கியாயிற்று. ஆக, பிள்ளையையும் நீக்குவார்கள்தான். ஆனால் பிள்ளை பேசிவிட்டு நீக்கப்படுகிறான். மற்றவன் பேசுவான் என்ற சந்தேகத்திலேயே போகிறான்.

நீக்கப்பட்டவர்களை எல்லாம் தியாகிகள் ஆக்கி மாலை போட நான் தயாரில்லை. நம் ஊர் மாற்றுக் கருத்தாளரின் மனசாட்சி ஒரு விசித்திரமான உறுப்பு. பதவி இருக்கும்வரை அது துடிக்காது. 2017 பிப்ரவரி 5 அன்று பன்னீர்செல்வம் முதலமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். 7 அன்று மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன் 40 நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தார், மனசாட்சி விழித்துக்கொண்டது. டிசம்பர் 29 வானகரத்தில் அந்த மனசாட்சி எங்கே இருந்தது? அது போயஸ் தோட்டத்துக்குத் தீர்மானம் கொண்டு போயிருந்தது. கே.ஏ. செங்கோட்டையன் 2025 செப்டம்பர் 5 அன்று கோபிச்செட்டிபாளையத்தில் உட்கார்ந்து, பிரிந்தவர்களை எல்லாம் பத்து நாளில் சேர்க்க வேண்டும் என்று கெடு வைத்தார். கெடுவுக்குப் பதில் மறுநாளே வந்தது, கட்சிப் பதவிகள் பறிபோயின. அக்டோபர் 31 அன்று ஆளையே நீக்கினார்கள். விளக்கம்கூடக் கேட்காமல் நீக்கினார்கள் என்று வருந்தினார். நியாயமான வருத்தம். ஆனால் அரை நூற்றாண்டாக அதே கட்சியில் எத்தனை ஆயிரம் பேர் விளக்கம் கேட்கப்படாமல் தெருவுக்கு வந்தார்கள், அப்போதெல்லாம் அண்ணனுக்கு வருத்தம் வந்ததாக நமக்கு நினைவில்லை. நவம்பரில் அவர் தமிழக வெற்றிக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே தலைவரிடம் கேள்வி கேட்கும் வசதி எப்படி என்பதைப் போகப் போகச் சொல்வார்.

இவர்கள் யாராவது ஒரு கொள்கைக்காக எதிர்த்து நின்றார்களா என்று தேடிப் பாருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு 2019 டிசம்பரில் அதிமுகவின் மாநிலங்களவை உறுப்பினர்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். ஒருவர்கூடப் பிசகவில்லை. 2023 செப்டம்பர் 25 அன்று பாஜகவோடு இனி உறவே இல்லை என்று தீர்மானம், பட்டாசு, இனிப்பு. ஏகமனது. 2025 ஏப்ரல் 11 அன்று அமித் ஷா சென்னைக்கு வந்து, பழனிசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டணியை அறிவித்தார். இனிப்பு கொடுத்தவர்களில் எத்தனை பேர் எழுந்து ஏன் என்று கேட்டார்கள்? தலைவரின் நாற்காலி ஆடினால்தான் இங்கே கலகம். கொள்கை ஆடினால் கைதட்டல்.

கட்சிக்காரர் கோழை என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கோழைத்தனத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறோம். 1985-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்த 52-வது அரசியல் சட்டத் திருத்தம், கட்சித்தாவல் தடைச் சட்டம். பணத்துக்குத் தாவுகிறவனைப் பிடிக்க வந்த சட்டம். ஆனால் அது தாவாமல் கட்சியிலேயே இருந்துகொண்டு கொறடா உத்தரவுக்கு மாறாக ஒரு மசோதாவில் வாக்களித்தாலும் பதவியைப் பறிக்கிறது. உங்கள் தொகுதியில் ஏரியை மூடி ஆலை கட்ட ஒரு மசோதா வந்தால், உங்கள் எம்.எல்.ஏ. உங்கள் பக்கம் நிற்க முடியாது. கொறடா பக்கம்தான் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வீடு. இப்படி எல்லார் வாயையும் கட்டிய சட்டம் தாவலையாவது தடுத்ததா என்றால், மொத்தமாக மூன்றில் இரண்டு பங்கு தாவினால் குற்றமில்லை என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒருத்தர் மனசாட்சிப்படி நடந்தால் துரோகம், கும்பலாகப் பேருந்து ஏறினால் இணைப்பு.

அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் என்ன லட்சணத்தில் வேலை செய்தது தெரியுமா? 2017 பிப்ரவரியில் அதிமுக எம்.எல்.ஏ.க்களைப் பத்து நாள் கூவத்தூர் சொகுசு விடுதியில் அடைத்து வைத்து, 18-ஆம் தேதி சட்டசபைக்கு அழைத்து வந்தார்கள். பழனிசாமி அரசுக்கு ஆதரவாக 122, எதிராக 11. அந்தப் பதினோரு பேரும் பன்னீர்செல்வம் அணி, சொந்தக் கட்சியின் அரசுக்கு எதிராகச் சபையிலேயே வாக்களித்தவர்கள். அவர்களுக்கு என்ன தண்டனை? ஆகஸ்டில் சமாதானம், பன்னீர்செல்வத்துக்குத் துணை முதலமைச்சர் பதவி. அதே ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். சபையில் எதிராக வாக்களிக்கவில்லை. கடிதம்தான். அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்தார். வாக்கைப் போட்டு எதிர்த்தவருக்கு மந்திரி பதவி, தாளில் எழுதி எதிர்த்தவருக்கு வீடு. 2018-ல் உயர் நீதிமன்றமும் அந்தத் தகுதி நீக்கம் சரிதான் என்றது. 18 தொகுதி மக்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தார்கள். அவர்கள் எந்தக் கட்டுப்பாட்டை மீறினார்கள்?

டெல்லியைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் இடமில்லை. காங்கிரஸ் தலைவர் பதவிக்கு 1939-ல் சுபாஷ் சந்திர போஸ் தேர்தலில் ஜெயித்துக் காட்டினார். சில மாதங்களில் ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2022-ல் சசி தரூர் மல்லிகார்ஜுன கார்கேவை எதிர்த்து நின்று 1,072 வாக்கு வாங்கினார், கார்கேவுக்கு 7,897. தோற்றாலும் வாக்கை எண்ணினார்களே, அதற்காக ஒரு சலாம். எண்ணும் வேலையே வேண்டாம் என்று வைத்திருக்கும் கட்சிகள்தானே மற்றவை? பாஜக 2014-ல் அத்வானியையும் முரளி மனோகர் ஜோஷியையும் வழிகாட்டும் குழு என்று ஒன்றில் போட்டு வைத்தது. அந்தக் குழு கூடி யாருக்காவது வழிகாட்டியதாக இன்றுவரை செய்தி இல்லை. ஊழலை ஒழிக்க வந்த ஆம் ஆத்மி, கட்சி தொடங்கிய மூன்றாவது வருஷமே யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும் தேசியச் செயற்குழுவிலிருந்து ஒழித்தது. மாற்றுக் கருத்துக்கு இன்றும் கொஞ்சம் இடம் இருப்பது நம் ஊர்க் காங்கிரஸின் சத்தியமூர்த்தி பவனில்தான். அங்கே வேட்டி கிழியும், சட்டை கிழியும், யாரையும் சீக்கிரம் நீக்க மாட்டார்கள். நீக்கும் அதிகாரம் டெல்லியில் இருப்பதால் கிடைத்த ஜனநாயகம் அது.

இடதுசாரிகளுக்கு உள்ளே விவாதிக்கும் பழக்கம் உண்டு. 1996-ல் ஜோதி பாசு பிரதமராவதை மார்க்சிஸ்ட் மத்தியக் குழு வாக்கெடுப்பில் தடுத்தது. வரலாற்றுப் பிழை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் அவரை நீக்கவில்லை. இதை மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் அதே கட்சியிலிருந்து மாறுபட்டு, கேரளத்தின் வடகரை பக்கம் தனிக்கட்சி கண்ட டி.பி. சந்திரசேகரன் 2012 மே 4 அன்று நடுரோட்டில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடம்பில் 51 வெட்டு. தண்டிக்கப்பட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். கட்சிக்குச் சம்பந்தமில்லை என்றது கட்சி. கட்சிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் எப்படிக் கட்சிப் பொறுப்பில் இருந்தார்கள் என்பதற்கும் ஒரு தத்துவ விளக்கம் இருக்கும், எனக்குத்தான் புரியாது.

கட்சி என்றால் கட்டுப்பாடு வேண்டாமா, ஆளாளுக்குப் பேசினால் நாடகக் கொட்டகை ஆகிவிடாதா என்று கேட்பார்கள். வேண்டும். விவாதித்து, வாக்கெடுத்து, தோற்ற பிறகு முடிவுக்குக் கட்டுப்படுவதற்குப் பேர் கட்டுப்பாடு. விவாதமே நடக்காமல் வாயைக் கட்டுவதற்கு வேறு பேர். பிரிட்டனில் 2022 ஜூலையில் சொந்தக் கட்சி அமைச்சர்களும் அவர்களின் நாடாளுமன்ற உதவியாளர்களுமாக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்துப் பதவி விலகி போரிஸ் ஜான்சனை இறக்கினார்கள். கன்சர்வேட்டிவ் கட்சி அதனால் செத்துவிடவில்லை, யாரும் தீக்குளிக்கவில்லை, பாட்டில் பறக்கவில்லை. ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போட்டால் ஜனநாயகப் படுகொலை என்கிறோம். டெல்லி மாநிலத்தைக் கேட்காமல் முடிவெடுத்தால் சர்வாதிகாரம் என்கிறோம். இரண்டும் உண்மை. அதைச் சொல்கிற வாய், தன் மாவட்டச் செயலாளரைக் கேட்காமல் வேட்பாளர் பட்டியலை அறிவிக்கும்போது எந்தக் கூட்டாட்சித் தத்துவத்தை மென்றுகொண்டிருக்கிறது?

தலைவர்களிடம் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. இது பொதுக்குழு உறுப்பினர்களுக்கு. அடுத்த தடவை அழைப்புக் கடிதம் வரும்போது கட்சியின் சட்டவிதிப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது பிரிக்காமலே புதுசாக இருக்கும். தீர்மானத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். கைதட்டலை வாக்கு என்று எண்ண வேண்டாம், வாக்குச்சீட்டு கொடுங்கள் என்று ஒரே ஒருவராவது எழுந்து கேளுங்கள். எதிர்த்து விழுந்த வாக்கு எத்தனை என்று மினிட் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நீக்குவார்கள். நீக்கட்டும், அறிக்கை தயாராகத்தான் இருக்கிறது, உங்கள் பேரை மட்டும் நிரப்ப வேண்டும். அப்படி வெளியே வந்த பிறகு உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: புண்ணியமாகப் போகும், இன்னொரு கட்சி மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.